பூஜைக்கு வைத்த நாலு நாசில்

கரமனைக் கோலப்பன் எனக்கு இரண்டு வழியில் சொந்தம். அவன் அப்பா வழியில் பார்த்தால் தம்பி முறை. அவன் கட்டிய உலகம்மை வழியில் பார்த்தால் மருமகன் முறை, ஏனென்றால் உலகம்மையின் அப்பா தாணுமாலையன் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கல்யாண வீடுகளில் தம்பி என்று கூப்பிடுவேன். அவனால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தால் மருமகனே என்பேன். இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் திரும்பிப் பார்ப்பான். நல்ல மனுஷன். சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். வயது அறுபத்தொன்று. குறை என்று சொன்னால் ஒன்றுதான். தெரியாத விஷயத்தில்தான் அவனுக்கு உறுதி அதிகம்.

அவனிடம் ஒரு கார் உண்டு. தாணுமாலையன் அண்ணன் வாங்கிய டீசல் அம்பாசிடர். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அண்ணன் காலமான பிறகு பாகம் பிரித்தபோது, வித்துரா பக்கத்து ரப்பர் தோட்டமும் இந்தக் காரும் கடைசியாக மிஞ்சின. மூத்த மருமகன் என்ற மரியாதைக்காகக் கோலப்பனிடம்தான் முதலில் கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை. கார் என்றான். இளைய மருமகன் உமாசங்கர் முகத்தில் கொஞ்சம் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு தோட்டத்தை ஏற்றுக்கொண்டான்.

அவன் காரைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதிலிருந்து மாமனாரை முன்சீட்டில் உட்காரவைத்து, இருபது வருஷம் சொந்தத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் சாவுத் துஷ்டிக்கும் அவன்தான் ஓட்டிப் போனான். கார் வந்து நின்றால் பந்தலில் நாலு பேர் எழுந்திருப்பார்கள். எழுந்தது மாமனாருக்காக என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது விசேஷங்களுக்கு உமாசங்கரின் மின்சாரக் காரில் போகிறார்கள். அதில் கோலப்பனுக்குப் பின்சீட்டு. மடியில் பழத்தட்டு. உமாசங்கருக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே பிளாட். அந்தக் கார் சத்தமே போடாது. கோலப்பனுக்கு அதுதான் ஆகாது. "வந்தது தெரியாம வந்து நிக்கது பூனைதான். காரு அப்படியா வரும்?" என்பான்.

அம்பாசிடர் ஆறு வருஷமாகக் கரமனை வீட்டுக் கார்ஷெட்டில் ஓடாமல் நின்றது. அந்த ஷெட்டின்மேல் உலகம்மைக்கு ஒரு கண் உண்டு. அவள் வறுத்து இடிக்கும் சாம்பார்ப்பொடிக்கும் புட்டுப்பொடிக்கும் கழக்கூட்டம் பிளாட்டுகளில் பெரிய பெயர். அவள் தங்கை ஸ்ரீலக்ஷ்மி, அதாவது உமாசங்கர் பெண்டாட்டி, அங்கே எல்லா வீட்டுக்கும் சொல்லி வைத்திருந்தாள். பொடிக்கும் மிஷின் ஒன்று வாங்கியாயிற்று. வைக்க இடமில்லாமல் அது ஹாலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மிளகாய் வறுக்கும் நாளில் வீட்டில் யாரும் பேசுவதில்லை, இருமுவதோடு சரி.

ஆர்.சி. புதுப்பிக்கும் சோதனைக்குக் கடைசியாக ஒரு தேதி வந்தது. விஜயதசமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. உலகம்மை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பாஸாச்சுன்னா வண்டி இங்கேயே கெடக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல்ல. இல்லேன்னா பத்து மணிக்குப் பேச்சிமுத்து அண்ணாச்சி வருவாரு. நான் பேசி வச்சாச்சு."

பேச்சிமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஆக்ரிக்கடை வைத்திருப்பவர். பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய கார் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

வண்டிக்கு வந்த நோய் நாசிலில். டீசலை மூடுபனி மாதிரித் தூவி எஞ்சினுக்குள் விடுகிற சாமான் அது. படித்தவர்கள் இன்ஜெக்டர் என்பார்கள். கைக்குள் அடங்குகிற அளவு. அந்த வண்டியில் நாலு உண்டு. ஆறு வருஷம் நின்றதில் நாலும் அடைத்துப் போயிருந்தன. கோலப்பன் தானே கழற்றினான். பிறகு பாத்திரக்கடைக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்தான். ஒரு சருவத்தில் புளியைக் கரைத்து, நாலையும் ராத்திரி முழுக்க ஊறப்போட்டான். காலையில் எடுத்துச் சாம்பலால் தேய்த்தான். வெளியே பளபளவென்று வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் விளக்கு புதுசா என்று கேட்டார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு கிள்ளிப்பாலத்தில் யோசுவாவிடம் போனான். யோசுவாவுக்கு மார்த்தாண்டம் சொந்த ஊர். முப்பது வருஷமாக டீசல் பம்பும் நாசிலும் மட்டுமே பார்ப்பவன். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இது என்ன மணம்?"

"புளி. செம்போ இரும்போ, எந்த லோகமானாலும் புளிக்கு அடங்கும்."

"நாசிலு என்ன மீன்கறியா, புளி விடதுக்கு? உள்ள ஊசி துருப்பிடிச்சிரிக்கு. ரெண்டு போச்சு. ரெண்டைக் காப்பாத்தலாம்."

"நீ சும்மா சொல்லுகே."

யோசுவா ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்திக் காட்டினான். முதல் நாசில் ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரிச் சொட்டியது. அடுத்தது ஒரு பக்கமாகத் துப்பியது. கோலப்பன் அப்போதும் விடவில்லை. "அழுத்தினது சரியில்லே" என்றான்.

ஒரு வழியாக இரண்டைச் செப்பனிட்டு, இரண்டு புதிது போட்டு, சரிபார்த்து முடிக்கப் பத்து நாள் ஆனது. திங்கட்கிழமை சாயங்காலம், பூஜைவைப்பு அன்று, யோசுவாவே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். கோலப்பன் கடையிலிருந்து வந்திருக்கவில்லை. வாங்கிக்கொண்டது உலகம்மை.

"அக்கா, மேலயும் கீழயும் ரெண்டு அற்றத்திலயும் மூடி போட்டிரிக்கு. வண்டியில ஏத்துகது வரை தொறக்கப்பிடாது. ஒரு பொடி உள்ள போனா எல்லாம் தீந்து, கேட்டியளா? அண்ணாச்சிட்ட மறக்காம பறஞ்சிருங்க."

"சொல்லாம இருப்பேனா?" என்றாள் உலகம்மை.

சொல்லாமல் இருந்தாள். பொடியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஹாலில் நின்ற மிஷினைப் பார்த்தாள், நாசில் பொட்டலத்தைப் பார்த்தாள், உள்ளே போய் விளக்குத் திரியைத் திரிக்க ஆரம்பித்தாள். அது பாவம் என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அந்த ஹாலில் இருமிப் பார்த்ததில்லை.

பூஜைவைப்பு விஷயத்தில் கோலப்பன் கெடுபிடிக்காரன். அன்று சாயங்காலம் புத்தகமும் ஆயுதமும் சரஸ்வதி முன்னால் வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை ஓர் எழுத்துப் பார்க்கக் கூடாது, ஒரு கருவியைத் தொடக் கூடாது. போன வருஷம் நவமியன்று உமாசங்கர் இவன் வீட்டில் வைத்து லாப்டாப்பைத் திறந்துவிட்டான். "பூஜை வச்ச வீட்டுல அச்சரம் பாக்கியே, ஒங்க வீட்டுல இதெல்லாம் சொல்லித் தரல்லியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டான் கோலப்பன். உமாசங்கர் லாப்டாப்பை மூடினான். அவனுடைய மேலதிகாரி அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே நவமி கிடையாது. அதன் பலனை உமாசங்கர் ஒரு வருஷமாக அனுபவித்தான், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று கடையிலிருந்து வந்த கோலப்பன் நாசிலைப் பார்த்ததும் குளித்து, ஈர வேட்டியோடு நாலையும் பித்தளைத் தாம்பாளத்தில் நிறுத்தினான். பிறகு ஒவ்வொன்றாக மூடியைக் கழற்ற ஆரம்பித்தான்.

உலகம்மைக்கு நெஞ்சில் ஏதோ குத்தியிருக்க வேண்டும். "அது மூடியோட இருந்தா என்னங்க?" என்றாள், பாதி மனசாக.

"கோயிலுக்குள்ள நாம சட்டையே போடாம போறோம். இது அம்பாள் முன்னால தொப்பி போட்டுட்டு இருக்குமா?"

"அப்போ சரி" என்றாள் உலகம்மை.

நாலுக்கும் சந்தனம் வைத்தான். குங்குமம் கொஞ்சம் தாராளமாகவே வைத்தான். மேல்பக்கத்தில் டீசல் குழாய் வந்து சேருகிற ஓட்டை சும்மா இருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தெற்றிப்பூவைச் செருகினான். புத்தகங்களோடு சேர்த்துப் பட்டுத்துணியால் மூடினான்.

புதன்கிழமை யோசுவா பையும் நட்டுத் திருகும் சாவிகளுமாக வந்து நின்றான்.

"அண்ணாச்சி, நாளைக்கு எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம். மத்தியானம் நான் ஊருக்குப் போயிருவேன். நாசிலை எடுங்க, ஒரு மணிக்கூறுல மாட்டித் தாறேன்."

"பூஜையில இருக்கு. நாளைக்குக் காலையிலதான் எடுப்பேன்."

"நாசிலுல என்ன எழுதியிரிக்கு? வாசிக்கவா போறோம்?"

"ஆயுதம்லா."

"ஆயுதம்னா சண்டைக்கு வேணும்லா? வெள்ளிக்கிழமை சண்டை இரிக்கே!"

கோலப்பன் பூஜை அறைப் பக்கம் பார்த்தான். பட்டுத்துணி நாலு கூம்பாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு துணியை விலக்கினால் போதும், வண்டி பிழைத்துவிடும். அவனுக்கு அம்பாளிடம் பயமில்லை. அம்பாள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் போன வருஷம் உமாசங்கரிடம் பேசிய பேச்சு ஒன்று இருக்கிறதே.

"நானே மாட்டிக்கிடுவேன்" என்றான்.

யோசுவா சாவிகளையும் புதுச் செம்பு வாஷர் நாலையும் வைத்துவிட்டு, டீசல் குழாயிலிருந்து காற்று எடுப்பது எப்படி என்று இரண்டு தடவை சொன்னான். "செம்பு பத்தி நீ எனக்குச் சொல்லாண்டாம்" என்றான் கோலப்பன்.

விஜயதசமி விடிந்தது. உமாசங்கர் குடும்பத்தோடு வந்துவிட்டான். பூஜை எடுத்து, அரிசியில் எல்லாரும் எழுதி முடித்ததும் கோலப்பன் தாம்பாளத்தோடு ஷெட்டுக்குப் போனான். பூக்களை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைக்கவில்லை. பிரசாதத்தைத் துடைப்பார்களா? யோசுவா சொன்ன மாதிரியே முறையாக மாட்டினான், முறையாகக் காற்று எடுத்தான். பதினோரு மணிக்குச் சாவியைத் திருப்பினான்.

வண்டி கிளம்பியது. தடக், தடக் என்று ஒரு பக்கமாக நொண்டியது. பிறகு பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ஷெட் தெரியவில்லை, பிறகு முற்றம் தெரியவில்லை, பிறகு எதிர்வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. புகை விலகியபோது உமாசங்கர் புதுவேட்டியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோலப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போனில் யோசுவா பேசினான். பின்னால் கல்யாண பேண்டு கேட்டது. "நாலையும் கழத்திட்டு இங்க கொண்டுவாருங்க! எங்க மச்சினன் கடை உண்டு, டெஸ்டர் உண்டு!"

மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் போனால் விடுமுறைக் கூட்டம். இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. கோலப்பன் கைக்குட்டையில் நாசில்களைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, ஏறுங்க. நான் கொண்டுபோறேன்" என்றான் உமாசங்கர்.

"அவ்வளவு தூரத்துக்குச் சார்ஜு காணுமா?" என்றான் கோலப்பன். அவ்வளவு கௌரவம்தான் மிச்சம் இருந்தது.

யோசுவா பந்தலிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்தான். ஒவ்வொன்றாகப் பிரித்து ஊற்றிக் கழுவினான். தட்டில் சிவப்பாக இறங்கியது. கடைசியாக ஒரு பூவிதழ் மிதந்தது. யோசுவா அதை விரல்நுனியில் எடுத்துப் பார்த்தான்.

"இது எந்தா? தெற்றிப்பூவா? புளி முடிஞ்சு, இப்பம் பூவா? மூடியைத் தொறந்தது யாரு? அக்காட்ட நான் தெளிவா பறஞ்சேனே!"

கோலப்பன் தலையைத் தூக்கினான். அக்காவிடம் சொன்னானா? அவன் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது, ஏனென்றால் அடுத்த வார்த்தை 'நான்' என்று வரவேண்டியிருந்தது.

"பிள்ளைகள் வெளையாடியிருக்கும்" என்றான் உமாசங்கர்.

"பிள்ளைகள் குங்குமம் வச்சா வெளையாடும்?"

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் பக்தி கூடுதல்."

யோசுவா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வேலையைப் பார்த்தான். அதிசயம் என்னவென்றால், செப்பனிட்ட பழைய இரண்டும் கழுவினதும் சுகமாகத் தூவின. உள்ளே இடைவெளி குறைவான புது இரண்டில்தான் பொடி இறுகி ஊசி பிடித்துக்கொண்டது. மச்சினன் கடையில் இரண்டு இருந்தது. மாற்றி, மூடி போட்டு, மூடிக்கு மேல் டேப் சுற்றி, டேப்புக்கு மேல் பையைக் கட்டி, அதை உமாசங்கர் கையில் கொடுத்தான். கோலப்பன் கையில் கெட்டுப்போன இரண்டையும் கொடுத்தான்.

கார் பாறசாலை தாண்டியது. பிறகு கோலப்பன் சொன்னான்: "அவ எங்கிட்ட சொல்லல்ல, தம்பி."

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, அண்ணாச்சி."

 நெய்யாற்றங்கரை வந்ததும், "போன வருஷம் அந்த லாப்டாப்பு..." என்று ஆரம்பித்தான் கோலப்பன்.

"விடுங்க. அந்த அமெரிக்கா வேலையிலருந்து மாத்திவிட்டதுல எனக்கு ராத்திரி ஒறக்கம் கிடைச்சுது."

அன்று சாயங்காலமே சகலைகள் இரண்டு பேருமாக மாட்டினார்கள். ஒருவன் கைப்பம்பை அடித்தான், மற்றவன் குழாயில் காற்று எடுத்தான். உமாசங்கரின் விஜயதசமி வேட்டி டீசல் வேட்டியானது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தடவை கனைத்து ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்து பார்த்த எதிர்வீட்டுக்காரர் இரண்டாவது தடவை சாத்தவில்லை. உலகம்மை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த கரண்டி மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டியது.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் அதிகாரி புகைக்குழாயில் கருவியை விட்டுப் பார்த்தார். வண்டியின் வயதைப் பார்த்தார். மறுபடி கருவியைப் பார்த்தார். "கொள்ளாமல்லோ!" என்றார். மலையாளத்தில் இதற்கு மேல் ஓர் அதிகாரி புகழ மாட்டார். அஞ்சு வருஷத்துக்கு ஆர்.சி. கிடைத்தது.

பத்தே காலுக்குக் கோலப்பன் வண்டியோடு தெருவில் திரும்பினான். ஷெட்டில் பேச்சிமுத்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் உலகம்மை கொடுத்த சாயா. முன்சீட்டில் உமாசங்கரைப் பார்த்ததுமே உலகம்மைக்குச் சேதி தெரிந்துவிட்டது.

"அப்போ எனக்கு எடுக்க ஒண்ணும் இல்லியா?" என்றார் பேச்சிமுத்து. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல், கோலப்பன் கெட்டுப்போன இரண்டு நாசிலையும் நீட்டினான். அவர் வாங்கி எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் தூக்கினார். பிறகு உற்றுப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டையும் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"இடுக்குல சந்தனம் இருக்குல்லா, அண்ணாச்சி. பூசையில வச்ச சாமானை நான் எடுக்க மாட்டேன். எங்களுக்கும் சாமி உண்டு. உள்ள கொண்டு வைங்க."

ஆக, வெளியே போக வேண்டிய காரும் போகவில்லை, அதன் உதவாத இரண்டு உறுப்பும் பூஜை அறைக்குள் குடியேறின. உலகம்மைதான் கொண்டுவைத்தாள். திரும்பி வரும்போது கோலப்பன் கேட்டான்.

"யோசுவா உங்கிட்ட சொன்னானாமே?"

"சொன்னான்."

"பின்னே?"

"மொளகா வறுக்கும்போ ஒரு நாள் கடைக்குப் போகாம இந்த ஹால்ல இருந்து பாருங்க. அப்புறம் கேளுங்க."

அவன் இருந்து பார்த்தான். ஒரு நாள் அல்ல, அரைமணி நேரம். அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு ஆனது. நான் போன வாரம் போயிருந்தபோது நேரிலேயே பார்த்தேன். காலை ஒன்பது மணிக்குக் கோலப்பன் அம்பாசிடரைக் கிளப்பி, ஷெட்டிலிருந்து எடுத்து, பன்னிரண்டு அடி தள்ளித் தெருவோரம் நிறுத்துகிறான். பொடி மிஷின் சக்கரத்தில் உருண்டு ஷெட்டுக்குள் போகிறது. நாலு மணிக்கு மிஷின் ஹாலுக்கு, கார் ஷெட்டுக்கு. ஒரு நாளைக்கு இருபத்துநாலு அடி. ஓடக்கூடிய வண்டி என்பதால்தான் இந்த ஏற்பாடே நடந்தது, நாசில் சரியில்லாவிட்டால் நடக்குமா என்று அவனே என்னிடம் கேட்டான். பிறகு மிளகாய்ப்பொடி படிந்த முன்சீட்டில் என்னை உட்காரச் சொல்லி அந்தப் பன்னிரண்டு அடியையும் ஓட்டிக் காட்டினான். நல்ல ஓட்டம்தான். இறங்கின பிறகும் வெகுநேரம் தும்மிக்கொண்டிருந்தேன்.